செல்லுலார் ஆட்டோமேட்டா நகர வளர்ச்சி மாதிரி: பொருத்தம் 94 விழுக்காடு, ஆனால் வரைபடம் நம்பும்படி இல்லை

கேள்வி: நிலவரை

அனைவருக்கும் வணக்கம்.

முதுநிலை ஆய்வுக்காக ஒரு நடுத்தர நகரத்தின் பரவலைச் செல்லுலார் ஆட்டோமேட்டா முறையில் (நிலத்தைச் சிறு சதுரச் செல்களாகப் பிரித்து, அண்டைச் செல்களின் நிலையைப் பொறுத்து ஒவ்வொரு செல்லையும் விதிப்படி மாற்றும் முறை) உருவகப்படுத்தி வருகிறேன். ஆய்வுப் பரப்பு 30 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் 30 மீட்டர் செல் அளவையே வைத்துக்கொண்டதால் 1000 வரிசை, 1000 நிரல் என மொத்தம் 10,00,000 செல்கள் வருகின்றன. 2000, 2010, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளின் படங்களையும் கட்டப்பட்ட நிலம், கட்டப்படாத நிலம் என இரண்டாக வகைப்படுத்தியிருக்கிறேன். 2000 முதல் 2010 வரையிலான மாற்றத்தைக் கொண்டு எடைகளைக் கணித்து, மாதிரியை 2010இலிருந்து ஓடவிட்டு, கிடைக்கும் படத்தை 2020இன் உண்மைப் படத்தோடு ஒப்பிடுகிறேன்.

மாதிரியின் அமைப்பு எளிமையானதுதான். சாலையிலிருந்து தூரம், நகர மையத்திலிருந்து தூரம், தரையின் சரிவு ஆகியவற்றிலிருந்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஒரு நிகழ்வின் வாய்ப்பைப் பல காரணிகளிலிருந்து கணிக்கும் புள்ளியியல் முறை) வழியாக ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தகுதி மதிப்பு கணிக்கப்படுகிறது. சுற்றியுள்ள 8 செல்களில் எத்தனை கட்டப்பட்டவை என்ற அண்டை விகிதம் இரண்டாவது காரணி. நீர்நிலை, காப்புக்காடு போன்ற கட்டக்கூடாத இடங்களுக்கு 0, மற்றவற்றுக்கு 1 என்ற விலக்கு அடுக்கு மூன்றாவது. இம்மூன்றையும் பெருக்கி, ஒவ்வோர் ஆண்டுச் சுற்றிலும் மிக அதிக மதிப்பு பெற்ற செல்களை நகரமாக மாற்றுகிறேன். சாலை அடுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து இப்போது இறக்கிய தரவு.

2010இல் கட்டப்பட்ட செல்கள் 1,00,000, 2020இல் 1,40,000. எத்தனை செல்கள் மாற வேண்டும் என்பதை வெளியிலிருந்து கொடுத்துவிடுவதால் மாதிரியின் 2020 படத்திலும் அதே 1,40,000 செல்கள்தாம் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தப் பொருத்தம் 94 விழுக்காடு, கப்பா குறியீடு (தற்செயலாக அமையும் பொருத்தத்தைக் கழித்த அளவு) 0.75. படித்த கட்டுரைகள் பலவற்றில் இத்தகைய எண்களை வைத்தே மாதிரி நன்றாக இயங்குகிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் மனம் ஒப்பவில்லை. என் மாதிரியில் நகரம் எல்லாப் பக்கமும் சமமாக ஊதிப் பெருத்தது போல் இருக்கிறது. உண்மையிலோ புறவழிச் சாலைச் சந்திப்புகளிலும், நகரத்திலிருந்து விலகி நிற்கும் மனைப்பிரிவுகளிலும் தனித்தனித் திட்டுகளாக வளர்ச்சி நிகழ்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட மாதிரி காட்டவில்லை. இந்த எண்களை நம்பலாமா, ஊதிப் பெருப்பது எதனால், லாஜிஸ்டிக் ரிக்ரஷனுக்குப் பதிலாக நரம்பியல் வலையமைப்பை (தரவிலிருந்து தானே கற்கும் கணினி முறை) போட்டால் இது சரியாகுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி: கட்டவரை

வணக்கம். உங்கள் கண் சொல்வதே சரி. நீங்கள் கொடுத்த விவரங்களே போதும், எண்களுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டே காட்டிவிடலாம்.

பொருத்தம் 94 விழுக்காடு என்றால் 10,00,000 செல்களில் 60,000 தவறு. கட்டப்பட்ட செல் எதுவும் மீண்டும் வெற்று நிலமாவதில்லை என்று கொள்வோம். மாதிரியும் உண்மையும் சரியாக 40,000 செல்களையே மாற்றியிருப்பதால், மாதிரி தவறவிட்ட செல்களும் வீணாக மாற்றிய செல்களும் எண்ணிக்கையில் சமமாகத்தான் இருக்க முடியும்: 30,000 தவறவிட்டவை, 30,000 வீணாக மாற்றியவை. ஆகவே உண்மையில் நகரமாக மாறிய 40,000 செல்களில் உங்கள் மாதிரி சரியாகச் சொன்னவை 10,000 மட்டுமே.

இப்போது எந்தக் கணிப்பும் செய்யாத ஒரு மாதிரியை எண்ணிப் பாருங்கள். 2010 படத்தை அப்படியே எடுத்து, 2020இலும் நகரம் இதுதான் என்று அது சொல்கிறது. மாறிய 40,000 செல்களையும் அது தவறவிடும். வேறு பிழை எதுவும் செய்யாது. அதன் பொருத்தம் 96 விழுக்காடு. அதாவது ஒன்றுமே செய்யாத மாதிரி, இவ்வளவு உழைத்துக் கட்டிய மாதிரியைவிட 2 விழுக்காடு மேலே நிற்கிறது. இந்த அளவுகோலில் உங்கள் மாதிரி அதனை முந்த வேண்டுமானால், மாறிய செல்களில் பாதிக்கு மேல், அதாவது 20,000க்கும் அதிகமானவற்றைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். நகர வளர்ச்சி மாதிரிகளில் 30 மீட்டர் செல் அளவில் அதைச் சாதிப்பது மிகக் கடினம்.

காரணம் வெளிப்படையானது. பரப்பில் பெரும்பகுதி இருபது ஆண்டுகளிலும் மாறவே இல்லை. மாறாத நிலத்தை மாறாதது என்று சொன்னதற்கெல்லாம் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. கப்பாவும் இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை. வகைகளின் பங்கைக் கொண்டு தற்செயல் பொருத்தத்தைக் கழிக்கும் அது, தொடக்கப் படம் மாதிரியின் கையிலேயே இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. நிலமாற்ற மாதிரிகளை ஆராயும் ராபர்ட் கில்மோர் பான்டியஸ் பல ஆண்டுகளாக இதைத்தான் வலியுறுத்தி வருகிறார். 2011இல் மில்லோனஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, கப்பாவைக் கைவிட்டு, அளவில் ஏற்படும் முரண், இடத்தில் ஏற்படும் முரண் என்று பிழையை இரண்டாகப் பிரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டது. உங்கள் மாதிரியில் அளவு முரண் சுழியம், ஏனென்றால் விடையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். 6 விழுக்காட்டுப் பிழையும் முழுக்க முழுக்க இட முரண். இந்த ஒரு வாக்கியத்தை ஆய்வேட்டில் எழுதினாலே, கப்பா 0.75 என்பதைவிடப் பன்மடங்கு செய்தி அதில் இருக்கும்.

மாற்றத்தை மட்டும் அளக்க, ஃபிகர் ஆஃப் மெரிட் என்ற அளவைப் பயன்படுத்துங்கள். சரியாகச் சொன்ன மாற்றத்தை, சரியாகச் சொன்னவை, தவறவிட்டவை, வீணாக மாற்றியவை ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 10,000ஐ 70,000ஆல் வகுத்தால் 14 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வரும். இது குறைவாகத் தோன்றலாம். மனம் தளர வேண்டாம். 2010இல் கட்டப்படாத 9,00,000 செல்களிலிருந்து 40,000 செல்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் ஏறத்தாழ 1,780 செல்கள்தாம் பொருந்தியிருக்கும், ஃபிகர் ஆஃப் மெரிட் 2 விழுக்காட்டுச் சொச்சம்தான். ஆக, உங்கள் மாதிரி எதையோ உறுதியாகக் கற்றிருக்கிறது. பான்டியஸ் குழுவினர் 2008இல் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 13 நிலமாற்ற மாதிரிப் பயன்பாடுகளை ஒப்பிட்டபோது, மூலத் தரவின் செல் அளவில் 12இல், சரியாகக் கணித்த மாற்றத்தைவிடப் பிழையே அதிகமாக இருந்தது. இந்தத் துறையின் உண்மை நிலை அதுதான். உங்கள் 14 விழுக்காட்டை மறைக்காமல், ஒன்றும் செய்யாத மாதிரியையும் குலுக்கல் மாதிரியையும் அதன் இரு பக்கமும் வைத்து எழுதுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். சரியான இடத்துக்கு ஒரு செல் தள்ளி விழுந்த கணிப்பும், பத்துக் கிலோமீட்டர் தள்ளி விழுந்த கணிப்பும் செல் அளவு ஒப்பீட்டில் ஒரே தவறாகவே எண்ணப்படுகின்றன. இரண்டு படங்களையும் 10க்கு 10 செல்களாகத் திரட்டி, 300 மீட்டர் கட்டங்களில் கட்டப்பட்ட பங்கை ஒப்பிடுங்கள்; பிறகு 900 மீட்டரில் ஒப்பிடுங்கள். பிழை வேகமாகக் குறைந்தால் மாதிரி அண்மையில்தான் தவறுகிறது என்று பொருள். குறையவே இல்லை என்றால் நகரத்தின் எந்தப் பக்கம் வளரும் என்பதையே மாதிரி அறியவில்லை.


மறுமொழி: விதிமுறை

கட்டவரை அவர்கள் மதிப்பீட்டைப் பற்றிச் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஊதிப் பெருப்பது எதனால் என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் விடை உங்கள் மாதிரியின் விவரணையிலேயே அப்பட்டமாக இருக்கிறது.

நீங்கள் மூன்று காரணிகளைப் பெருக்குகிறீர்கள். அண்டை விகிதம் 0 என்றால் பெருக்கற்பலனும் 0. சுற்றியுள்ள 8 செல்களில் ஒன்றாவது கட்டப்பட்டிருந்தால்தான் ஒரு செல் நகரமாக முடியும் என்று உங்கள் விதி கட்டளையிடுகிறது. விலகி நிற்கும் மனைப்பிரிவு எந்த ஓட்டத்திலும் தோன்றாது. அதன் தகுதி மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தோன்றாது. போதாததற்கு மிக அதிக மதிப்பு பெற்ற செல்களை மட்டுமே எடுக்கிறீர்கள். ஓரத்தில் உள்ள குழிகள் முதலில் நிரம்பும், பிறகு ஓரம் ஒரு செல் நகரும், மறுபடியும் குழிகள் நிரம்பும். இந்த விதி வேறு வடிவத்தைத் தரவே முடியாது. நரம்பியல் வலையமைப்பை மாட்டினாலும் தகுதி மதிப்பு மட்டும்தான் மாறும். அண்டை விதி அப்படியே இருக்கும்வரை படம் ஊதித்தான் வரும். லி சியாவும் ஆன்டனி யேயும் 2002இலேயே நரம்பியல் வலையமைப்பைச் செல்லுலார் ஆட்டோமேட்டாவோடு இணைத்துக் காட்டியிருக்கிறார்கள். அது நல்ல கருவிதான், ஆனால் உங்கள் நோய்க்கான மருந்து அதுவல்ல.

8 செல் அண்டை என்பது உல்லாமும் வான் நாய்மனும் 1940களில் இக்கருத்தை உருவாக்கிய பிறகு கணிதத்தில் வேரூன்றிய மரபு. செல்கள் பிறந்து மறையும் கான்வேயின் 1970ஆம் ஆண்டு ‘லைஃப்’ கணித விளையாட்டுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. நகரத்துக்கு அது பொருந்த வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. 30 மீட்டர் செல்லில் 8 அண்டை என்றால், ஓர் இடத்தில் வீடு கட்டுவதா என்ற முடிவை 40 மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் பாதிப்பதில்லை என்று ஆகிவிடுகிறது. ரோஜர் வைட்டும் கை எங்கெலனும் 1993இல் வெளியிட்ட மாதிரியில் 6 செல் ஆரம் கொண்ட வட்ட அண்டையை எடுத்தார்கள். அதில் 113 செல்கள் அடங்கும். தூரம் கூடக்கூட எடை மாறும். சில நிலப்பயன்பாடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும், சில விலக்கும். அருகில் உள்ளவை தொலைவில் உள்ளவற்றைவிட அதிகம் தொடர்புடையவை என்ற புகழ்பெற்ற கூற்றை வால்டோ டோப்ளர் 1970இல் எழுதியதே டெட்ராய்ட் வட்டாரத்தின் நகர வளர்ச்சியைக் கணினியில் உருவகப்படுத்திய கட்டுரையில்தான். ஆனால் அருகில் என்பது எத்தனை மீட்டர் என்று அந்தக் கூற்று சொல்லவில்லை. அதை உங்கள் தரவிலிருந்துதான் நீங்கள் காண வேண்டும். 2000க்கும் 2010க்கும் இடையில் புதிதாகக் கட்டப்பட்ட ஒவ்வொரு செல்லும், 2000இல் இருந்த மிக அருகிலுள்ள கட்டப்பட்ட செல்லிலிருந்து எவ்வளவு தூரத்தில் தோன்றியது என்று ஒரு பரவல் வரைபடம் போடுங்கள். ஓர வளர்ச்சி எவ்வளவு, தாவிய வளர்ச்சி எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும். நான் எந்த மாதிரியையும் இதைப் பார்க்காமல் தொடங்குவதில்லை.

தாவிய வளர்ச்சிக்கு விதியில் தனி இடம் கொடுக்க வேண்டும். கீத் கிளார்க் உருவாக்கிய ஸ்லூத் என்ற நகர வளர்ச்சி மாதிரியின் அமைப்பு இதற்கு நல்ல பாடம். அதில் நான்கு வகை வளர்ச்சி உண்டு. எங்காவது தற்செயலாக ஒரு செல் நகரமாகலாம். அப்படித் தோன்றிய செல்களில் சில புதிய பரவல் மையமாகலாம். இருக்கும் நகரத்தின் ஓரம் விரியலாம். புதிதாகத் தோன்றிய செல் அருகிலுள்ள சாலையைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே நகர்ந்து வேறோர் இடத்தில் வேர்விடலாம். சிதறல், ஈனல், பரவல், சரிவு எதிர்ப்பு, சாலை ஈர்ப்பு என்ற ஐந்து எண்கள், 100ஐ உச்சவரம்பாகக் கொண்டு, இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் புறவழிச் சாலைச் சந்திப்புகளை நான்காவது வகை பிடிக்கும். ஸ்லூத்தையே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை; அதன் அளவுத்திருத்தத்துக்கு (பழைய தரவோடு பொருந்தும்படி எண்களைச் சரிசெய்வதற்கு) குறைந்தது நான்கு ஆண்டுகளின் நகரப் பரப்பு தேவை, உங்களிடம் மூன்றுதான் உள்ளன. ஓர வளர்ச்சிக்கு ஒரு பங்கு, தாவிய வளர்ச்சிக்கு ஒரு பங்கு என்று 40,000 செல்களை முதலிலேயே பிரித்து, இரண்டாவது பங்குக்கு அண்டை விகிதத்தைப் பெருக்காமல் தகுதி மதிப்பை மட்டும் கொண்டு தேர்ந்தெடுத்தால் உங்கள் நிரலில் சிறு மாற்றமே போதும்.

தேர்ந்தெடுக்கும் முறையையும் மாற்றுங்கள். உச்ச மதிப்பு பெற்றவற்றை அப்படியே எடுக்காமல், மதிப்புக்கு ஏற்ற வாய்ப்போடு குலுக்கி எடுங்கள். வைட்டும் எங்கெலனும் செய்தது போல, 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு தற்செயல் எண்ணின் இயல் மடக்கையைக் குறி மாற்றி, ஆல்ஃபா என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, 1ஐக் கூட்டி, அதனால் பெருக்குவதும் ஒரு வழி. ஆல்ஃபா சிறிதாக இருந்தால் நகரம் ஒழுங்காக வளரும், பெரிதாக்கினால் சிதறும்.

ஒரு நிரல் நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்றில் எல்லாச் செல்களும் பழைய படத்தைப் பார்த்தே ஒரே நேரத்தில் மாற வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் அணியிலேயே எழுதிக்கொண்டும் போனால், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நிரல் நகரும் திசையில் நகரம் சாய்ந்து வளரும். பழைய நிலைக்கு ஓர் அணி, புதிய நிலைக்கு ஓர் அணி என்று இரண்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.


மறுமொழி: செயற்கைக்கண்

இருவரும் மாதிரியைப் பற்றிப் பேசிவிட்டார்கள். தொலையுணர்வுத் துறையிலிருந்து வந்தவன் என்பதால் எனக்குத் தரவுதான் முதலில் உறுத்துகிறது.

சாலை அடுக்கு இப்போது இறக்கியது என்கிறீர்கள். 2010க்குப் பிறகு போடப்பட்ட சாலைகளும் அதில் இருக்கும், புதிய மனைப்பிரிவுகளின் உட்சாலைகள் உட்பட. 2010இல் நின்றுகொண்டு 2020ஐக் கணிக்க வேண்டிய மாதிரிக்கு 2020இன் தடயத்தை நாமே கையில் கொடுத்ததாகிறது. மனைப்பிரிவு வந்ததால் சாலை வந்ததா, சாலை வந்ததால் மனைப்பிரிவு வந்ததா என்ற காரணகாரியமும் குழம்பிப்போகிறது. 2000 முதல் 2010 வரையிலான எடைகளுக்கு 2000இன் சாலைகளும், 2010 முதல் ஓடும் ஓட்டத்துக்கு 2010இன் சாலைகளும் வேண்டும். பழைய நிலவரைபடத் தாள்களும் அந்தந்த ஆண்டின் லேண்ட்சாட் படமும் கையில் இருந்தால் முதன்மைச் சாலைகளைக் கண்ணால் பார்த்து வரைந்துவிடலாம். உட்சாலைகளை விட்டுவிடுவதே நல்லது. இதைச் செய்தால் உங்கள் எண்கள் இறங்கும். இறங்கிய எண்ணே உண்மையான எண்.

அடுத்தது வகைப்படுத்தலின் பிழை. இரண்டு படங்களும் தனித்தனியே 90 விழுக்காடு துல்லியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒரு செல் இரண்டிலும் சரியாக இருக்கும் வாய்ப்பு 81 விழுக்காடுதான். நீங்கள் தேடும் மாற்றமோ பரப்பில் 4 விழுக்காடு. தேடும் பொருளைவிடப் பிழைக்கான இடம் பெரிதாக இருக்கிறது. 30 மீட்டர் படத்தில் வறண்ட தரிசு நிலமும், ஆற்று மணலும், கல்குவாரியும் கட்டடத்தைப் போலவே ஒளிர்கின்றன. ஒரு படம் மழைக்குப் பிறகும் மற்றது கோடையிலும் எடுக்கப்பட்டிருந்தால், காய்ந்த வயலெல்லாம் புதிய நகரமாகிவிடும். நீங்கள் விலகி நிற்கும் திட்டுகள் என்று குறிப்பிட்டவற்றில் எத்தனை உண்மையான கட்டடங்கள் என்பதை உயர்தெளிவுப் படத்தில் ஒரு மாதிரித் தொகுப்பையாவது எடுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் விதிமுறை அவர்கள் சொன்ன தாவிய வளர்ச்சிப் பங்கை முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. திருத்தம் எதுவும் செய்யாத மூலப் படங்களில், 2010இல் கட்டப்பட்டதாகவும் 2020இல் கட்டப்படாததாகவும் வரும் செல்களை எண்ணுங்கள். நகரம் அவ்வளவு எளிதில் பின்வாங்குவதில்லை என்பதால் அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி பிழையே. அது சில ஆயிரங்களைத் தாண்டினால் மாதிரியைத் தொடும் முன் வகைப்படுத்தலுக்குத் திரும்புங்கள்.

2010இன் படம் எந்தச் செயற்கைக்கோளுடையது என்றும் பாருங்கள். லேண்ட்சாட் 7இன் வரிவருடல் திருத்தி (செயற்கைக்கோளின் முன்னகர்வை ஈடுசெய்யும் கருவி) 2003 மே மாதத்தில் பழுதானதால், அதற்குப் பிந்தைய அதன் படங்களில் கோடு கோடாகத் தரவு விடுபட்டிருக்கும். லேண்ட்சாட் 5 அந்த ஆண்டில் இயங்கிக்கொண்டிருந்தது; அதை எடுங்கள். 2020க்கு லேண்ட்சாட் 8 உள்ளது. மூன்றையும் மீட்டரை அலகாகக் கொண்ட ஒரே வரைபட வீழலுக்கு (வளைந்த புவிப்பரப்பைத் தட்டையாக்கும் முறை) கொண்டுவரும்போது, வகைப்படுத்திய படங்களுக்கு அண்மைச் செல் மறுமாதிரியாக்கம் (மிக அருகிலுள்ள செல்லின் மதிப்பை அப்படியே எடுப்பது) மட்டுமே பயன்படுத்த வேண்டும். அண்டை மதிப்புகளைச் சராசரியாக்கும் இருநேரியல் முறை, இல்லாத வகை எண்களை உண்டாக்கிவிடும். படங்கள் அரைச் செல் விலகியிருந்தாலும் நகர ஓரம் முழுவதும் பொய்யான மாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கட்டங்களின் மூலை ஆயங்கள் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

விதிமுறை அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அண்டை ஆரத்தை விரிப்பதும் செல் அளவைக் கூட்டுவதும் ஓரளவுக்கு ஒரே வேலையைச் செய்கின்றன. உங்கள் தரவின் தரத்தைப் பார்க்கும்போது, 30 மீட்டரில் 113 செல் அண்டையை வைப்பதைவிட, எல்லாவற்றையும் 90 மீட்டருக்குத் திரட்டிச் சிறிய அண்டையோடு ஓடவிடுவது பிழையையும் குறைக்கும், கணினி நேரத்தையும் மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து.


மறுமொழி: விதிமுறை

செயற்கைக்கண் அவர்களின் கருத்தில் நியாயம் உண்டு, ஆனால் ஒரு விலை கொடுத்தே அதைப் பெற வேண்டும். 90 மீட்டருக்குத் திரட்டும்போது பெரும்பான்மை விதியைப் பயன்படுத்தினால் சாலையோரக் கட்டடங்களும் சிறிய திட்டுகளும் கரைந்து போகும். கேள்வி கேட்டவர் தேடுவதே அந்தத் திட்டுகளைத்தான். செல் அளவு மாறினால் அளவுத்திருத்தத்தில் கிடைத்த எடைகளும் செல்லாது, முதலிலிருந்து கணிக்க வேண்டும். இரண்டு அளவிலும் ஓட்டிப் பார்த்து, எதில் குலுக்கல் மாதிரியைவிட அதிகம் முந்துகிறது என்று பார்ப்பதே நேர்மையான வழி.


கேள்வி கேட்டவர்: நிலவரை

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றில் இயன்றவற்றைச் செய்து பார்த்தேன்.

சாலை அடுக்கை 2000, 2010 என்று பிரித்து வரைந்ததும் ஃபிகர் ஆஃப் மெரிட் 14 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கியது. விலகி நிற்கும் திட்டுகளில் ஒரு பகுதியை உயர்தெளிவுப் படத்தில் சரிபார்த்தபோது, கணிசமானவை உழுத நிலமும் செங்கல் சூளைகளுமே என்று தெரிந்தது. அவற்றை நீக்கிய பிறகும் புறவழிச் சாலையோரத் திட்டுகள் உண்மையானவையாகவே நிற்கின்றன. தாவிய வளர்ச்சிக்குத் தனிப் பங்கு கொடுத்து, வாய்ப்புக்கேற்பக் குலுக்கி எடுக்கும் முறைக்கு மாறினேன். படம் இப்போது நகரம் போலத் தெரிகிறது. 300 மீட்டர் கட்டங்களில் திரட்டி ஒப்பிட்டாலும் முன்னைவிடத் தெளிவான முன்னேற்றம் உள்ளது. ஆனால் செல் அளவு ஃபிகர் ஆஃப் மெரிட் சற்றும் உயரவில்லை, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறவும் செய்கிறது. வடிவம் மேம்பட்டிருக்கும்போது எண் உயராததை எப்படிப் புரிந்துகொள்வது? 2030க்கான படத்தை நகர்த் திட்டமிடுவோரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. எந்த ஓட்டத்தின் படத்தைக் காட்டுவது?


மறுமொழி: கட்டவரை

இது எதிர்பார்க்கக்கூடியதே. ஓரத்தை ஒட்டி ஊதிப் பெருக்கும் மாதிரி, நிச்சயமாக மாறக்கூடிய செல்களில் மட்டும் பந்தயம் கட்டுகிறது. அதனால் செல் அளவில் அதற்குச் சில மதிப்பெண்கள் எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. தாவிய வளர்ச்சி நிகழும் என்று தெரிந்தாலும், எந்த 30 மீட்டர் துண்டில் நிகழும் என்பது நில உடைமையாளர் எப்போது விற்றார், யார் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. அது உங்கள் அடுக்குகளில் எங்கும் இல்லை. எனவே இடத்தை அளக்கும் எண்ணையும் வடிவத்தை அளக்கும் எண்ணையும் தனித்தனியே வைத்திருங்கள். திட்டுகளின் எண்ணிக்கை, சராசரித் திட்டுப் பரப்பு, ஓரத்தின் மொத்த நீளம் ஆகிய மூன்றையும் உண்மை 2020 படத்துக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கணித்து அட்டவணை இடுங்கள். ஊதிப் பெருத்த பழைய மாதிரி இந்த மூன்றிலும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அப்போது தெரியும். கண்ணில் பட்ட முன்னேற்றத்துக்கு எண்ணளவிலான சான்றும் கிடைக்கும்.

திட்டமிடுவோருக்கு எந்த ஒற்றை ஓட்டத்தின் படத்தையும் காட்டாதீர்கள். அதில் ஒரு புள்ளி எவருடைய நிலத்தின்மேல் விழுந்ததோ அது நகரமாகும் என்று படித்துவிடுவார்கள், மறு ஓட்டத்தில் அதே புள்ளி வேறெங்கோ விழும். 100 ஓட்டங்களை ஓட்டி, ஒவ்வொரு செல்லும் எத்தனை ஓட்டங்களில் நகரமானது என்ற விழுக்காட்டை வண்ணமிட்டுக் காட்டுங்கள். தற்செயல் எண்களின் தொடக்க விதை எண்ணைச் சேமித்து வைத்தால் எவர் கேட்டாலும் அதே படத்தை மீண்டும் எடுக்க முடியும். அந்த விழுக்காடு நம்பத்தக்கதா என்பதையும் 2020ஐ வைத்தே சோதிக்கலாம்: 2010இலிருந்து ஓடிய ஓட்டங்களில் 60 முதல் 70 விழுக்காடு பெற்ற செல்களைத் தனியே எடுத்து, அவற்றில் ஏறத்தாழ அதே பங்கு உண்மையில் நகரமாகியிருக்கிறதா என்று பாருங்கள். 20 விழுக்காடுதான் மாறியிருக்கிறது என்றால் மாதிரி தன் கணிப்பை அளவுக்கு மீறி நம்புகிறது. குலுக்கலில் தற்செயலின் பங்கைக் கூட்டுங்கள்.

2030க்கு எத்தனை செல்கள் மாறும் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2020 வரை அந்த எண்ணிக்கை உங்களுக்குத் தெரிந்திருந்தது, இனித் தெரியாது. 2010 முதல் 2020 வரையிலான மாறும் வீதத்தை மார்க்கோவ் சங்கிலி (இப்போதைய நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் வாய்ப்பைக் கொண்டு கணிக்கும் முறை) வழியாக நீட்டிப்பது ஒரு வழி. கடந்த பத்தாண்டுகள் போலவே வரும் பத்தாண்டுகளும் இருக்கும் என்ற ஊகம் அதனுள் அடங்கியிருக்கிறது. மக்கள்தொகைக் கணிப்பையும் ஒருவருக்கான கட்டப்பட்ட பரப்பையும் பெருக்கிக் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவுகளை எடுப்பது எனக்கு உகந்த வழி. மூன்றுக்கும் தனித்தனி வரைபடம் தயாரித்து அருகருகே வைத்தால், மூன்றிலும் மாறாமல் நகரமாகும் இடங்கள் எவை, அளவைப் பொறுத்து மாறும் இடங்கள் எவை என்பது திட்டமிடுவோருக்கு உடனே புலப்படும். விலக்கு அடுக்கையும் இரு விதமாக வையுங்கள்: நீர்நிலைகளும் வெள்ளச் சமவெளியும் உறுதியாகக் காக்கப்பட்டால் ஒன்று, காக்கப்படாமல் போனால் மற்றொன்று. அவர்கள் கையில் இருக்கும் முடிவு அதுதான். அந்த இரண்டு வரைபடங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை ஹெக்டேரில் கணித்துக் கொடுங்கள்.


மறுமொழி: செயற்கைக்கண்

ஒரே ஒரு சேர்க்கை. ஆய்வுப் பரப்பின் எல்லையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் அகலத்துக்குக் கூடுதல் பட்டையைச் சேர்த்து ஓட்டிவிட்டு, முடிவில் அதை வெட்டி நீக்குங்கள். இல்லாவிட்டால் விளிம்புச் செல்களுக்கு ஒரு பக்கம் அண்டையே இராது. எல்லைக்கு வெளியே ஓர் ஊர் இருந்தால் அதன் ஈர்ப்பும் விடுபட்டுவிடும். 2030 ஓட்டத்தில் புறவழிச் சாலை எல்லையைத் தொடும் இடங்களில் இது நன்றாகவே வெளிப்படும்.